ஆணை எண் 1: ஒரு சிறு தீவு தன் போர்க்காலத்தை நினைவில் வைத்த விதம்

1942 மார்ச் 24ஆம் தேதி அமெரிக்க ராணுவத்தின் மேற்குக் கரைத் தளபதி ஜான் டெவிட் ஓர் ஆணை பிறப்பித்தார். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு மேற்கே இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் ஆறு நாளுக்குள் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்றது அந்த ஆணை. அதற்கு இடப்பட்ட எண் 1. மார்ச் 30 அன்று முற்பகலில், துப்பாக்கிமுனையில் கத்தி பொருத்திய சிப்பாய்களின் காவலில், 227 பேர் ஈகிள்டேல் படகுத்துறைக்கு நடந்து சென்று கெஹ்லோக்கன் என்ற படகில் ஏறினார்கள். அடுத்த சில மாதங்களில் அதே வாசகத்துடன் நூற்றுக்கும் மேற்பட்ட ஆணைகள் மேற்குக் கரையெங்கும் ஒட்டப்பட்டன. ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள்.

இந்தப் பெருங்கூட்டத்தில் 227 பேர் மிகச் சிறிய பகுதி. ஆயினும், போரின்போது நேர்ந்த அநீதியை ஒரு சமூகம் எப்படி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கலாம் என்று ஆராய்பவர்களுக்கு இந்தத் தீவு பெரிய பாடம். துயரம் நேர்ந்தது என்று சொல்வதோடு இங்குள்ளவர்கள் நிற்கவில்லை. யாருக்கு நேர்ந்தது, எந்த இடத்தில், எந்தச் சட்டத்தின் வழியாக, அண்டை வீட்டார் கண்ணெதிரே எப்படி நேர்ந்தது என்ற நான்கையும் பதிவு செய்தார்கள். சம்பவத்தைக் கண்டவர்கள் மறைந்த பிறகும் ஒரு நினைவு உயிரோடிருக்க இந்த நான்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரஆலையும் ஸ்ட்ராபெர்ரித் தோட்டமும்

1880களில் ஜப்பானிய இளைஞர்கள் பெயின்பிரிட்ஜுக்கு வரத் தொடங்கினார்கள். அங்கே போர்ட் பிளேக்லியில் இயங்கிய மரஅறுவை ஆலை அன்று உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. ஆலையை ஒட்டி யாமா, நாகாயா என்ற குடியிருப்புகள் எழுந்தன. கடை, பொதுக் குளியலறை, வழிபாட்டிடம் எல்லாம் அங்கே இருந்தன. 1922இல் ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே பலர் விவசாயத்துக்கு மாறியிருந்தார்கள். காடு அழிக்கப்பட்ட நிலத்தில் பிரம்மாண்டமான அடிக்கட்டைகள் நின்றன. அவற்றை வெடிவைத்துப் பெயர்த்து, மண்ணைச் சீராக்கி, ஸ்ட்ராபெர்ரி நட்டார்கள். சில பத்தாண்டுகளில் அதுவே தீவின் அடையாளப் பயிரானது.

அந்த நிலத்தைத் திருத்தியவர்களால் அதைத் தம் பெயரில் பதிவு செய்ய முடியவில்லை. ஆசியாவில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதைத் தேசியச் சட்டம் தடுத்தது. 1922இல் ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 1921இலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆகவே பல குடும்பங்கள் அமெரிக்காவில் பிறந்த தம் பிள்ளைகளின் பெயரில் நிலத்தைப் பதிந்துகொண்டன. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் பெற்றோர் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள். 1941 டிசம்பர் 7இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதும் அவர்கள் ஒரே நாளில் எதிரிநாட்டு அந்நியர்கள் ஆனார்கள்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலால் எழுந்த அச்சத்தை மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால், அந்த அச்சம் யார்மீது இறங்கியது என்பதற்கு விளக்கம் கிடைக்காது. ஜெர்மனியோடும் இத்தாலியோடும் அமெரிக்கா போரிட்டது. அந்நாடுகளின் வம்சாவளியினரில் சந்தேகத்துக்குரியவர்கள் தனித்தனியே கைது செய்யப்பட்டார்கள். ஆனால் அந்த வம்சாவளியினர் அனைவரும் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக வெளியேற்றப்படவில்லை. குண்டு விழுந்த ஹவாயிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தார்கள். அங்கும் ஒட்டுமொத்த வெளியேற்றம் நடக்கவில்லை. மேற்குக் கரையில் அது நடந்ததற்குக் காரணம், அரை நூற்றாண்டாக அந்த மக்களைத் தனியே பிரித்து வைத்திருந்த சட்டங்கள்.

ஆறு நாள்

1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். எந்தப் பகுதியிலிருந்தும் எவரையும் விலக்கும் அதிகாரம் ராணுவத்துக்குக் கிடைத்தது. அந்த மாதத் தொடக்கத்திலேயே மத்தியப் புலனாய்வுத் துறையினர் தீவில் வீடு வீடாகச் சோதனையிட்டிருந்தார்கள். அடிக்கட்டைகளைப் பெயர்க்க விவசாயிகள் வைத்திருந்த வெடிமருந்து, வேட்டைத் துப்பாக்கி, வானொலிப் பெட்டி, கேமரா ஆகியவை தடை செய்யப்பட்ட பொருட்களாயின. குடும்பத் தலைவர்கள் பலர் கைதானார்கள்.

முதல் ஆணைக்கு இந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதன் இருப்பிடம் காரணம். அருகிலிருந்த பிரெமர்ட்டனில் கடற்படையின் பெரிய கப்பல் தளம் இருந்தது. தீவிலேயே ஃபோர்ட் வார்டில் ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் ரகசிய நிலையம் இயங்கியது. தவிர, சிறு தீவு என்பதால் ஆட்களை எண்ணுவதும் ஏற்றுவதும் எளிது. எஞ்சிய கரைக்கு வகுத்த நடைமுறை இங்கேதான் முதலில் நிறைவேறியது: சுவரொட்டி, பதிவு, குடும்பத்துக்கு ஓர் எண், மேற்சட்டையில் தொங்கும் அட்டை, கையில் தூக்க முடிந்த அளவுக்கு மட்டும் மூட்டை.

ஆறு நாளில் ஒரு பண்ணைக் குடும்பம் என்ன செய்ய முடியும்? ஸ்ட்ராபெர்ரி ஜூனில் பழுக்கும். வருடம் முழுவதற்குமான வருமானம் அந்தச் சில வாரங்களில்தான் வரும். உழைப்பையும் உரத்தையும் நிலத்தில் போட்டாயிற்று. அறுவடைக்கு இருக்க முடியாது. வண்டியை விற்கவும், கோழிகளை ஒப்படைக்கவும், நாயை யாரிடமாவது விடவும் அந்த ஆறு நாள்தான். இப்படி ஏற்றப்பட்டவர்கள் சியாட்டிலிலிருந்து ரயிலில் கலிஃபோர்னியாவின் மன்சனார் பாலைவன முகாமுக்குச் சென்றார்கள். அங்கிருந்த பெரும்பாலோர் கலிஃபோர்னிய நகரங்களைச் சேர்ந்தவர்கள், தீவுக்காரர்களுக்குப் பழக்கமில்லாதவர்கள். மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டதன்பேரில் 1943 பிப்ரவரியில் பெயின்பிரிட்ஜ்காரர்களில் பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். சியாட்டில் வட்டாரத்து மக்கள் அங்கே இருந்தார்கள். சிறையிலும் தம் ஊர்க்காரர் அருகே இருக்க விரும்பிய மக்களின் மனம் இந்த வேண்டுகோளில் தெரிகிறது.

அண்டை வீட்டார் செய்ததும் செய்யாததும்

தீவில் வெளிவந்த வாரப் பத்திரிகை 'பெயின்பிரிட்ஜ் ரிவ்யூ'. வால்ட் உட்வர்ட், மில்லி உட்வர்ட் என்ற இளம் தம்பதி அதை நடத்தினார்கள். மேற்குக் கரைப் பத்திரிகைகள் வெளியேற்றத்தை வரவேற்ற காலத்தில், குடிமக்களின் அரசமைப்பு உரிமையை இது மீறுகிறது என்று தொடர்ந்து தலையங்கம் எழுதிய மிகச் சில பத்திரிகைகளில் அது ஒன்று. சந்தாதாரர்கள் சிலர் விலகினார்கள், விளம்பரம் குறைந்தது. அவர்கள் நிறுத்தவில்லை.

தலையங்கத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். பத்திரிகை அலுவலகத்தில் சிறு வேலைகள் பார்த்துவந்த பால் ஒஹ்டாகி என்ற இளைஞரை முகாமிலிருந்து செய்தி அனுப்பும் நிருபராக நியமித்தார்கள். அவருக்குப் பின் வேறு சில இளைஞர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். முகாமில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குத் திருமணம், யாருக்கு உடல்நலமில்லை, பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்ற செய்திகள் வாராவாரம் தீவுக்கு வந்து அச்சாயின. அவை ஊர்ச் செய்தியாகவே பிரசுரமாயின. போர் முடிந்து இவர்கள் திரும்பும்போது ஊர் இவர்களை மறந்திருக்கக் கூடாது என்பது உட்வர்ட் தம்பதியின் நோக்கம். நினைவை அடுத்த தலைமுறைக்காகக் காக்கும் வேலை சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தொடங்குவதாகப் பொதுவாக நினைக்கிறோம். இங்கே அது சம்பவம் நடக்கும்போதே தொடங்கிவிட்டது. ஒஹ்டாகி பின்னாளில் அந்தச் செய்திகளைத் தொகுத்து வைத்தார். இன்று அவை ஆய்வாளர்களின் ஆவணம்.

பண்ணைகளைக் காத்தவர்களும் இருந்தார்கள். ஜப்பானியத் தோட்டங்களில் வேலை செய்துவந்த பிலிப்பினோ தொழிலாளர்கள் பலர் முதலாளிகள் இல்லாத நிலத்தைக் கவனித்தார்கள். பயிர் செய்தார்கள், வீட்டைப் பூட்டிப் பாதுகாத்தார்கள். அவர்களும் ஆசியர்கள், 1946 வரை குடியுரிமைக்கு அவர்களுக்கும் வழியில்லை. மேற்குக் கரையின் பிற ஊர்களில் திரும்பி வந்தவர்கள் கண்டது கொள்ளை போன வீடும் கைமாறிய நிலமும். பெயின்பிரிட்ஜில் சில குடும்பங்களாவது தம் நிலத்துக்கே திரும்ப முடிந்ததற்கு இந்தத் தொழிலாளர்களின் உழைப்பு முக்கியக் காரணம். பத்திரிகையாளர் தம்பதிக்குக் கிடைத்த புகழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சமூகம் தன் நல்லவர்களைப் பட்டியலிடும்போது படித்தவர்கள் முதலிலும் கூலிக்காரர்கள் கடைசியிலும் வருவது எங்கும் நடக்கிற அநியாயம். அதைத் திருத்துவதும் நினைவுப் பணியின் பகுதி.

ஆனால் அண்டை வீட்டாரின் பெருமையை மட்டும் சொல்வது உண்மையைச் சுருக்கிவிடும். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் பார்த்து நின்றார்கள். 1944 இறுதியில் ஜப்பானியர் திரும்பக் கூடாது என்று தீவில் சிலர் கூட்டம் கூட்டினார்கள். ரிவ்யூவின் வாசகர் கடிதப் பக்கத்தில் வாக்குவாதம் நீண்டது. அந்த இயக்கம் வலுவிழந்தது உண்மை. போருக்குப் பின் திரும்பியவர்கள் ஏறத்தாழ 150 பேர் என்பதும் உண்மை. மற்றவர்களுக்குத் திரும்ப வீடில்லை, முதலில்லை, மனமில்லை. அநீதியை எதிர்த்த ஊர் என்று பெயர்பெற்ற இடத்திலேயே பலர் ஊரை இழந்தார்கள். இதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்தப் பெயருக்கு நேர்மை சேரும்.

எரித்த கடிதங்கள், எஞ்சிய படம்

இத்தகைய நினைவைத் திரட்டுவதில் ஆய்வாளருக்கு ஒரு தனித்த சிக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவர்களே சான்றுகளை அழித்திருந்தார்கள். புலனாய்வுத் துறையினர் வரும் முன் ஜப்பானிய மொழிக் கடிதங்களையும் புகைப்படங்களையும் பொம்மைகளையும் பல குடும்பங்கள் எரித்தன, புதைத்தன. கேமராவோ பறிமுதல். மன்சனாரில் டோயோ மியாடகே என்ற ஒளிப்படக்காரர் ரகசியமாகக் கொண்டுவந்த லென்ஸை வைத்து மரப்பெட்டிக் கேமரா செய்து படமெடுத்தார் என்றால், தம்மைத் தாமே பதிவு செய்துகொள்வது எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆகவே மார்ச் 30இன் காட்சி நமக்குப் பெரும்பாலும் வெளியாள்களின் கேமரா வழியாகவே கிடைக்கிறது. அவற்றில் மிகவும் அறியப்பட்டது சியாட்டில் பத்திரிகை ஒன்றின் ஒளிப்படக்காரர் எடுத்த படம்: தொப்பியும் கனத்த மேலங்கியும் அணிந்த இளம் தாய், தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்து நிற்கிறார். மேலங்கியில் அட்டை தொங்குகிறது. இந்தப் படம் பல ஆண்டுகள் பெயரில்லாமலே சுற்றியது. அந்தத் தாய் ஃபுமிகோ ஹயாஷிடா. 1911இல் பெயின்பிரிட்ஜிலேயே பிறந்தவர். 2006இல், 95 வயதில், நினைவிடத்தைத் தேசியப் பூங்காத் துறையின் கீழ் கொண்டுவரக் கோரி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2014இல், 103 வயதில் மறைந்தார். பெயரற்ற அடையாளமாக இருந்த ஒருவர் பெயரோடும் குரலோடும் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது இந்த நினைவு இயக்கத்தின் திசையைச் சொல்கிறது.

அந்தக் குரலுக்கு வழி திறக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. முகாமிலிருந்து திரும்பிய தலைமுறை வீட்டில் அதைப் பேசவில்லை. அவமானம், பிள்ளைகள் நிம்மதியாக வளரட்டும் என்ற எண்ணம், மீண்டும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடுவோமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்த மௌனம் அது. 1980இல் நாடாளுமன்றம் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் முன் நூற்றுக்கணக்கானவர்கள் முதன்முறையாக வெளிப்படையாகப் பேசினார்கள். இனத் தப்பெண்ணம், போர் வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றுமே இதற்குக் காரணம் என்று ஆணையம் முடிவு சொன்னது. 1988இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டமியற்றியது. அதே காலகட்டத்தில் தீவில், குழந்தையாகப் படகேறியவரும் பல் மருத்துவருமான ஃபிராங்க் கிடமோட்டோ முதலானோர் முதியவர்களின் வாய்மொழி வரலாற்றையும் குடும்பப் படங்களையும் சேகரித்தார்கள், கண்காட்சி அமைத்தார்கள், பள்ளிகளுக்குச் சென்று பேசினார்கள். அரசின் மன்னிப்பு பொதுவானது. இந்தச் சேகரிப்பு ஒவ்வொருவரையும் தனித்தனியே மீட்டது.

276 பெயர்

ஈகிள்டேல் படகுத்துறை இருந்த இடத்தில் நினைவிடம் வேண்டும் என்ற முயற்சி 1990களின் இறுதியில் தொடங்கியது. ஜப்பானிய அமெரிக்கர் அமைப்போடு தீவின் பல சமயத்தவர் கூட்டமைப்பும் இதில் சேர்ந்துகொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் தனியாக நின்று மன்றாட வேண்டிய நிலை வரவில்லை. படகுத்துறையை அடுத்திருந்தது மரம் அழுகாமலிருக்க அதற்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றும் பழைய ஆலையின் நிலம். அது மத்திய அரசின் கடுமையான மாசுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தக் கரையைப் பூங்காவாக மீட்கும் வேலையும் நினைவிடப் பணியும் கைகோத்து நடந்தன. 2008இல் நினைவிடம் மினிடோகா தேசிய வரலாற்றுத் தலத்தின் பகுதியாகச் சட்டப்படி இணைக்கப்பட்டது. மக்கள் புறப்பட்ட துறையும் அடைபட்ட முகாமும் ஒரே நினைவின் இரு முனைகள் என்று நாடு ஏற்றது. 2011இல் அங்கே நினைவுச் சுவர் திறக்கப்பட்டது.

செரோக்கி-சாக்டா பூர்வகுடி மரபினரான கட்டடக் கலைஞர் ஜான்பால் ஜோன்ஸ் வடிவமைத்த சுவர் அது. தேவதாரு மரமும் கல்லும் கொண்டு, கரையை நோக்கி வளைந்து இறங்குகிறது. 276 பெயர்களுக்கு 276 அடி நீளம். ஸ்டீவ் கார்ட்னர் செய்த சுடுமண் சிற்பங்கள் அந்த நாளின் காட்சிகளைச் சொல்கின்றன. வருகிறவர்கள் காகிதக் கொக்குகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இனி ஒருபோதும் இப்படி நிகழாதிருக்கட்டும் என்பது நினைவிடத்தின் வாசகம்.

படகேறியவர்கள் 227 பேர். சுவரில் 276 பெயர். இந்த வேறுபாட்டில் நினைவிடக் குழுவினரின் நுட்பமான முடிவு ஒன்று இருக்கிறது. ஆணைக்கு முன்பே ஊரைவிட்டு வேறிடம் தேடிப் போனவர்கள், கைதாகிச் சிறையிலிருந்தவர்கள், படிப்பு நிமித்தம் வெளியே இருந்தவர்கள், அமெரிக்க ராணுவத்தில் அப்போதே சீருடையில் இருந்தவர்கள் எனப் பலர் அந்தப் படகில் இல்லை. ஆனால் அவர்களும் வீட்டை இழந்தார்கள். ராணுவக் கணக்கு படகில் ஏறிய தலைகளை எண்ணியது. சுவரோ தீவைச் சேர்ந்த மக்களை எண்ணுகிறது. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்ற எண் வாசிப்பவரைத் திகைக்கவைக்கும். 276 பெயரை ஒருவர் நின்று வாசித்து முடிக்கலாம். சிறு சமூகத்தின் வலிமை இதுதான்: அங்கே எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க முடியும். யாரும் பிரதிநிதியாகச் சுருங்க வேண்டியதில்லை.

வகுப்பறை

சுவருக்கு வருகிறவர் மனதில் ஏற்கெனவே கேள்வி இருந்தால்தான் அது பேசும். அந்தக் கேள்வியை விதைக்கும் பொறுப்பைத் தீவின் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. சொனோஜி சக்காய் என்ற ஜப்பானியக் குடியேறியின் பெயரைத் தாங்கிய இடைநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் வெளியேற்றத்தைத் தனிப் பாடத்திட்டமாகப் படித்தார்கள். அடுத்து அவர்கள் சேரும் பள்ளிக்கு உட்வர்ட் பெயர். வெளியேற்றப்பட்டவரின் பெயரும் எதிர்த்து எழுதியவர்களின் பெயரும் ஒரு குழந்தையின் அன்றாட முகவரியாக இருப்பது சுவருக்கு இணையான நினைவுச்சின்னம்.

2004வாக்கில் சில பெற்றோர் இந்தப் பாடத்திட்டத்தை எதிர்த்தார்கள். அன்றைய அரசின் பாதுகாப்புக் காரணங்களுக்கு இதில் போதிய இடமில்லை என்பது அவர்களின் வாதம். செப்டம்பர் 11 தாக்குதலின் நிழல் விலகாத காலம் அது. பள்ளி பாடத்தைக் கைவிடவில்லை. எதிர்ப்பு எழுந்ததே பாடம் தேவை என்பதற்குச் சான்று. அரசு சொன்ன காரணத்தை மாணவர் படிக்கத்தான் வேண்டும். அதை எந்தச் சான்று தாங்கியது, எது தாங்கவில்லை என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேற்குக் கரை ஜப்பானிய அமெரிக்கர் எவரும் உளவோ நாசவேலையோ செய்ததாக ஒரு சான்றும் கிடைக்கவில்லை என்று விசாரணை ஆணையமே பதிவு செய்தது.

திரும்ப முடியாத தீவு

1988ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு தீவு மக்களுக்கும் இழப்பீடு வழங்கியது. அலாஸ்காவின் அலூஷியன், பிரிபிலாஃப் தீவுகளின் பூர்வகுடிகளான உனாங்கன் மக்கள் அவர்கள். 1942இல் ஜப்பானியப் படை அட்டு, கிஸ்கா தீவுகளைப் பிடித்ததும், மற்றத் தீவுகளில் இருந்த 881 பேரை அமெரிக்க அரசு தென்கிழக்கு அலாஸ்காவுக்குக் கொண்டுபோய்ப் பாழடைந்த மீன்பதன ஆலைகளிலும் பழைய சுரங்க முகாம்களிலும் தங்கவைத்தது. நல்ல தண்ணீர் இல்லை, மருத்துவர் இல்லை. பத்தில் ஒருவர் இறந்தார். அட்டுத் தீவுவாசிகளை ஜப்பானியர் ஹொக்கைடோவின் ஒட்டாருவுக்குக் கொண்டுசென்றார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கே மடிந்தார்கள். உயிர் தப்பியவர்களைப் போருக்குப் பின் அட்டுவில் குடியேற அரசு விடவில்லை.

பெயின்பிரிட்ஜின் நிலையை இதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். பெயின்பிரிட்ஜில் நினைவு நின்றதற்குத் திரும்பி வந்த 150 பேர் காரணம். அந்த நிலத்தில் வாழ்ந்துகொண்டே அவர்களால் சொல்ல முடிந்தது. அட்டு மக்களுக்கு அந்த நிலம் இல்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் அழிந்த கிராமங்களை வாய்மொழி வரலாறு வழியாகவும் கடல்தாண்டிச் செல்லும் பயணங்கள் வழியாகவும் மீட்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பும் உரிமையும் நினைவுகூரும் உரிமையும் பிரிக்க முடியாதவை. நிலத்தைப் பறித்துவிட்டு நினைவுக்கல் நாட்டுவது பாதி நீதிகூட ஆகாது.

எதை ஒப்படைப்பது

1944இல் கொரமட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைச் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே தவறானது என்று அதே நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதைச் சொன்ன இடம், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுத்த அதிபர் ஆணையை அனுமதித்த தீர்ப்பு. பாதுகாப்பு என்ற பெயரில் மக்களை வகைபிரிக்கும் கேள்வி முடிந்துபோகவில்லை என்பதை இந்த இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன. நீதிமன்றத்தின் திருத்தத்துக்கு 74 ஆண்டுகள் பிடித்தன. படகுத்துறைக்கு நடந்தவர்களுக்கு இருந்தது ஆறு நாள்.

அந்த ஆறு நாளில் என்ன செய்யலாம் என்பதே வருங்காலத்துக்கு நாம் கற்பிக்க வேண்டியது. ஓர் ஆணை ஒட்டப்படும்போது அதன் வாசகத்தைப் படித்து இது யாரைக் குறிவைக்கிறது என்று கேட்கத் தெரிந்த குடிமகன், இழப்பு வருமென்று தெரிந்தும் எழுதும் பத்திரிகையாளர், பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் தொழிலாளி ஆகியோர் திடீரென்று தோன்றுவதில்லை. அவர்களை நினைவுதான் உருவாக்குகிறது. அதனால் போரைக் கடந்துவந்த சிறு சமூகங்கள் எங்கிருந்தாலும் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. கண்டவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒரு பெயரும் விடாமல் பட்டியலிடுங்கள். ஆணைகளையும் படிவங்களையும் பத்திரப்படுத்துங்கள். உதவியவர்களையும் ஒதுங்கியவர்களையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் குழந்தைகள் கையில் கொடுத்துக் கேள்வி கேட்க விடுங்கள். பெயின்பிரிட்ஜ் மக்கள் இதைச் செய்தார்கள். செய்ய முடியும் என்று நிரூபித்தார்கள்.